அண்ணன் கொத்தாத விறகு

பிரான்ஸில், லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அம்மாவின் அழைப்பு வந்தது. அம்மா சுகம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"இந்த மார்கழியோடை கொண்ணைக்குத் திவசம் செய்து போடு."

"ஆருக்கு?"

"உனக்கு எத்தினை அண்ணை இருக்கினம்? அவனுக்குத்தான்."

"இவ்வளவு காலமும் நீங்கள்தானே அம்மா வேண்டாமெண்டு நிண்டனீங்கள்."

"இப்ப வேணும் எண்டுறன். எனக்குப் பிறகு ஆர் அவனைத் தேடப் போகினம்? நீயோ?" பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "கோடாலியையும் ஆருக்காவது குடுக்கப்போறன். சும்மா கறள் பிடிக்குது" என்றார்.

போனை வைத்த பிறகும் நான் அதே வாழைக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடைக்காரப் பெடியன், "அண்ணை, அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு உரிச்சுப் பாக்கப்போறீங்களோ?" என்று கேட்டான். அவன் பகிடியாகத்தான் கேட்டான். எனக்கு அவனுடைய கன்னத்தில் போடவேண்டும் போலிருந்தது.

திவசம் செய்யவேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லிவந்தவன் நான். மறித்தவர் அம்மா. இதற்காக நாங்கள் போனில் சண்டை பிடித்திருக்கிறோம், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். "அவன் செத்திட்டான் அம்மா" என்று நான் கத்துவேன். "நீ பாத்தனியோ?" என்று அம்மா கேட்பார். நான் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரும், போனை வைத்துவிடுவேன். இப்போது அம்மாவே இறங்கி வந்துவிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கே மேடை போட்டு எல்லைக் கிராமம், எல்லைக் கிராமம் என்று உருகிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் எல்லைக்கு வந்ததே கிடையாது. நான் அங்கே பிறந்தவன். வன்னியின் கடைசிக் கரையில் எங்கள் ஊர். ஊருக்கு அப்பால் காடு. காட்டுக்கு அப்பால் ஒரு குளம். குளத்தைச் சுற்றி அரசாங்கம் தெற்கிலிருந்து கொண்டுவந்து இருத்திய சிங்களக் குடியேற்றம். அதற்குக் காவலாக ஆமி. சண்டை தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எங்களிடம் வந்து வெட்டுவார்கள், சுடுவார்கள், கொளுத்துவார்கள். ஆகவே ஒருவரும் வீட்டில் படுப்பதில்லை. பொழுதுபடச் சாப்பிட்டுவிட்டுப் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பாலை மரங்களுக்குக் கீழே படுப்போம். விடிய ஊருக்குத் திரும்புவோம்.

திரும்புவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒரு ஆள் தனியாக உள்ளே போவான். வீடுகளைச் சுற்றிப் பார்ப்பான். ஒன்றும் இல்லையென்றால் பொதுக்கிணற்றடியில் விறகு கொத்துவான். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எழும்பி நடப்போம். கேட்காவிட்டால் காட்டுக்குள் இன்னும் உள்ளுக்குப் போவோம். மணி அடித்தால், விசில் ஊதினால், தூரத்தில் இருக்கிறவனுக்கும் அது ஏதோ சமிக்ஞை என்று விளங்கிவிடும். விறகு கொத்தினால் விறகு கொத்துகிற சத்தம்தான். எந்த ஊரிலும் விடியற்காலையில் யாரோ ஒருவன் விறகு கொத்துவான். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. நல்ல மூளைக்காரராக இருந்திருக்கவேண்டும்.

அந்த வேலையை என் அண்ணன் கேட்டு வாங்கினான். அவனுக்குப் பத்தொன்பது வயது. பயம் கிடையாது, அல்லது காட்டிக்கொள்ளமாட்டான். அவன் கொத்துவதில் ஒரு நிதானம் இருக்கும். ஒரு கொத்து. பிறகு காலால் கட்டையைப் புரட்டுவான். இடுப்பில் சாரத்தைச் சரிசெய்வான். பிறகு அடுத்த கொத்து. காடு அந்தச் சத்தத்தை வாங்கி ஒருதரம் திருப்பிச் சொல்லும். அது அடங்கிய பிறகுதான் அவன் அடுத்ததற்கு ஓங்குவான். அம்மா சிரித்துக்கொண்டே திட்டுவார். "இவன் கொத்தி முடிக்கிறதுக்குள்ளை சோறு வெந்திடும்." எனக்கு அப்போது பதினாலு வயது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்பும்போது உடம்பில் ஒரு சூடு பரவும். இன்றைக்கும் ஒருவரும் சாகவில்லை. இன்றைக்கும் வீட்டுக்குப் போகலாம். இந்த உலகத்தில் அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

ஒரு மார்கழி மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பாய், உடுப்பு எல்லாம் ஈரம். குழந்தைகள் இருமிக்கொண்டே கிடந்தன. அண்ணன் வழமைபோல் போனான். கொஞ்ச நேரத்தில் விறகு கொத்தும் சத்தம் வந்தது. எல்லோரும் எழும்பினார்கள். அம்மா மட்டும் நின்றார். "இவன் ஏன் இண்டைக்கு இப்பிடி அவசரப்படுறான்?" என்றார். யாரோ சொன்னார்கள், "குளிருதாக்கும், அதுதான்." எல்லோருக்கும்தான் குளிர்ந்தது. நடந்தார்கள்.

கிணற்றடியில் ஆமிக்காரர் தேத்தண்ணீருக்கு விறகு கொத்திக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான். எங்கள் முறை அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஈரத்தில் வந்தவர்களுக்குச் சுடச்சுட ஏதாவது குடிக்கவேண்டும் போலிருந்திருக்கிறது. எங்கள் கோடாலி கிணற்றடியில் கிடந்திருக்கிறது. எடுத்துக் கொத்தினார்கள். முன்னால் போனவர்கள் நேராக அவர்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். பிறகு வெடி. பின்னால் நடந்த நாங்கள் காட்டுக்குள் திரும்பி ஓடினோம்.

அண்ணன் கிணற்றுக் கட்டோடு கை கட்டப்பட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவனை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியதைக் கண்டதாக ஒரு அக்கா சொன்னார். ஏறும்போது தானாகவே கால் வைத்து ஏறினானாம். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. நாங்கள் திரும்பிப் போனபோது வீடுகள் சாம்பல். செத்தவர்களை அங்கேயே எரித்தோம். கோடாலி பாதி பிளந்த ஒரு கட்டையில் குத்தி நின்றது. அம்மா அதைப் பிடுங்கி எடுத்தார். அதற்குப் பிறகு எத்தனை இடத்துக்கு இடம்பெயர்ந்தோமோ அத்தனை இடத்துக்கும் அந்தக் கோடாலியும் வந்தது. நகை போனது, பானை சட்டி போனது. கோடாலி போகவில்லை. இன்றைக்கு அம்மா அதே ஊரில், வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த கல்வீட்டில் தனியாக இருக்கிறார். காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அதன்மேல் உப்புப் போத்தலும் சீனிப் போத்தலும் இருக்கின்றன. சமையல் விறகில்தான். விறகு கொத்த வருகிறவன் தன் கோடாலியைக் கொண்டுவரவேண்டும்.

அம்மா போன் எடுத்த அதே கிழமை, வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் என் மகள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எக்ஸ்போசேயாம். ஒரு விஷயத்தைப் படித்து வகுப்புக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும்.

"என்னத்தைப் பற்றி?" என்று கேட்டேன்.

"அமெரிக், அப்பா. அமெரிக்கா ஒரு நாடா வாறதுக்கு முதல். இங்கிலீஷ்காரரின்ரை குடியேற்றங்கள். பிரான்ஸ்காரர் மேலை இருந்தவை, கனடாப் பக்கம். அங்கையிருந்து வந்து அடிக்கிறவை."

என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. வெங்காயம் வெட்டு, தட்டுக் கழுவு, எத்தனை மணிக்கு வரவேண்டும், அவ்வளவுதான். அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னாள். காட்டின் ஓரத்தில் ஒரு குடியேற்றம். சுற்றிவர மரத்தால் உயர்ந்த வேலி. பனிக்காலம். பிரெஞ்சு ஆமியும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளும் பனிக்குள்ளால் நாட்கணக்கில் நடந்து வந்தார்களாம். வேலி உயரத்துக்குப் பனி குவிந்திருந்ததால் அதில் ஏறியே உள்ளே குதித்தார்களாம். விடிகிற நேரம். கொன்றார்கள், கொளுத்தினார்கள். மிச்சப்பேரைப் பிடித்துப் பனிக்குள்ளால் வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள்.

"காவல் இருக்கேல்லையோ?"

"இருந்தது. நித்திரையாப் போனவன்."

"விசர்ச் சனம். காட்டுக்குள்ளை போய்ப் படுத்திருக்கலாமே."

அவள் சிரித்தாள். "அப்பா, அவைக்குக் காடெண்டால் பயம். வந்தவைக்குத்தான் காடு வீடு."

அதை நான் யோசித்திருக்கவில்லை. எங்களுக்குக் காடு ஒளிக்கிற இடம். காட்டுக்குப் பயந்தவன் வேலியைக் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே செத்திருக்கிறான்.

"இதிலை ஆர் கூடாதவை?" என்று கேட்டேன்.

"கொம்ப்ளிக்கே, அப்பா." சிக்கலாம்.

"என்ன கொம்ப்ளிக்கே? முதல் அந்தக் காணி ஆரின்ரை?"

"பூர்வகுடியளின்ரை."

"பிறகென்ன? பறிச்சவனுக்கு அடிச்சிருக்கினம்."

"சின்னப் பிள்ளையளையும் கொன்றவை, அப்பா. தொட்டிலிலை கிடந்ததையும்."

அது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் எரிந்து கொஞ்சக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களும் ஆயுதத்தோடு காட்டைக் கடந்து அந்தக் குடியேற்றத்துக்குப் போனார்கள். அங்கேயும் தொட்டில்கள் இருந்தன. கேள்விப்பட்டபோது எங்கள் ஆட்கள் சிலர் கைதட்டினார்கள். நான் தட்டினேனா என்று ஞாபகம் இல்லை, தட்டியிருப்பேன். அந்தச் சனமும் இரவில் காட்டுக்குள் படுத்ததாகப் பிறகு அறிந்தேன். ஒரே காடு. அவர்கள் அந்த விளிம்பில், நாங்கள் இந்த விளிம்பில். விடியற்காலையில் திரும்புவதற்கு அவர்களுக்கும் ஏதோ ஒரு சத்தம் இருந்திருக்கும்.

மகள் பக்கத்தைப் புரட்டினாள். பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாளாம். மற்றப் பலரை வருடங்களுக்குப் பிறகு பேசி மீட்டுக்கொண்டார்கள். இவளை மீட்க முடியவில்லை. பிடித்தவர்களோடேயே வளர்ந்தாள். அவர்களில் ஒருவனைக் கட்டினாள். தன் மொழியை மறந்துவிட்டாள். பெரியவளான பிறகு அவளுடைய சகோதரன் அவளைத் தேடிக்கொண்டு போனான்.

"கூட்டிக்கொண்டு வந்தவனோ?"

"இல்லை. வரமாட்டன் எண்டிட்டா."

"அவனோடை கதைச்சவளோ?"

"அவவுக்கு இங்கிலீஷ் வராது. வேறை ஒராள் மொழி மாத்திச் சொன்னவர்."

"சாப்பாடு குடுத்தவளோ?"

"ஆருக்கு?"

"தேடி வந்தவனுக்கு. தமையனுக்கு."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். "அது எழுதேல்லை, அப்பா."

"அதை எழுதாமல் வேறை என்ன கோதாரியை எழுதினவங்கள்?"

நான் மேசையில் அடித்துவிட்டேன் போலிருக்கிறது. அவளுடைய பேனை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப பெரியப்பாவும் எங்கையாவது இருப்பாரோ?"

"விசர்க்கதை கதையாதை" என்றேன்.

ஆனால் அந்த விசர்க்கதை என்னோடு ரயிலேறியது. அடுத்த நாள் கார் து நோர் நோக்கிப் போகும் ரயிலில் நின்றபடி நான் அண்ணனுக்கு ஒரு வாழ்க்கை கட்டிக்கொண்டிருந்தேன். தெற்கே ஏதோ ஒரு சிங்கள ஊர். தலை நரைத்துவிட்டது. சாரம் உடுத்திருக்கிறான். மனைவி குசினியிலிருந்து அவனை வேறு பெயரில் கூப்பிடுகிறாள். அவனுக்குத் தமிழ் மறந்துவிட்டது, அல்லது மறந்தவன்போல் இருந்து பழகிவிட்டது. இப்படியெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் கொண்டுபோனவர்களை வளர்க்கவில்லை. தெரிந்தும் அதற்குமேல் ஒவ்வொன்றாக வைத்தேன். முற்றம் வைத்தேன். முற்றத்தில் ஒரு கட்டை வைத்தேன். மொழி மறந்தாலும் கை மறக்காது. ஒரு கொத்து. காலால் புரட்டல். சாரத்தைச் சரிசெய்தல். நான் அங்கே போகிறேன். அவன் வரமாட்டேன் என்று சொல்லட்டும். எனக்கு ஒரு பிளேட் சோறு போட்டுவிட்டு, போ என்று சொல்லட்டும். போதும். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

அம்மா சொன்னதற்காக ஐயரிடம் போனேன். வேட்டிக்குமேல் தடித்த குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றார்.

"காலமான திதி என்ன?"

"தெரியாது ஐயா. கொண்டுபோன நாள் தெரியும்."

"அப்ப அந்த நாளை வைப்பம்."

"அண்டைக்கு அவன் உயிரோடை இருந்தவன். கண்ட ஆக்கள் இருக்கினம்."

ஐயருக்கு இது புதிதில்லை. "அப்பிடியெண்டால் மார்கழி அமாவாசை. கனபேர் இஞ்சை அப்பிடித்தான் செய்யினம். தகப்பனாரும் இல்லையெண்டால் அவருக்கும் சேர்த்துச் செய்யலாம். வெள்ளண வாங்கோ, அண்டைக்குச் சனம் நெரிக்கும்."

கனபேர் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நாள் தெரியாத அத்தனை பேரையும் ஒரே அமாவாசையில் போட்டிருக்கிறோம்.

அன்றைக்கு வெள்ளணவே போனேன். லா சப்பலில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. கதவு பாதி உயர்ந்திருந்த இறைச்சிக் கடைக்குள் ஒருவன் மரக்குத்தியில் ஆட்டைப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தான். இந்தக் கடைக்கு முன்னால் என் கால் எப்போதும் தானாக நிற்கும். கொத்துரொட்டி போடுகிற சத்தம் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அது தகரச் சத்தம். இது மரத்தில் இரும்பு இறங்குகிற சத்தம். நின்று கேட்பேன், அவனுடையது இல்லை என்று தெரிந்துகொண்டு போவேன். இத்தனை வருடமும் அப்படித்தான். அன்றைக்கு அவன் மூச்சு விடாமல் வெட்டினான். கொத்து, கொத்து, கொத்து. இடைவெளியே இல்லை. அம்மா காட்டுக்குள் நின்று சொன்னது அப்படியே காதுக்குள் வந்தது. இவன் ஏன் இப்பிடி அவசரப்படுறான்?

கோயிலின் பின் அறையில் நிறையப்பேர். ஐயர் தர்ப்பையை விரலில் போட்டுவிட்டார். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். சோற்றை இரண்டு உருண்டையாகப் பிடித்து வைத்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்பா காய்ச்சலில் கிடந்து, எங்கள் கண்ணுக்கு முன்னால், கட்டிலில் செத்தவர். அவருக்குச் செய்வதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை.

"மற்றவரின்ரை பேர்?"

நான் மற்ற உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெதியாச் சொல்லுங்கோ. உங்களுக்குப் பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையில் பையோடு, பாதி ஈரத்தோடு, எப்போது முடியும் என்ற முகத்தோடு நின்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியான முகங்களோடுதான் நாங்களும் அன்றைக்குக் காட்டிலிருந்து எழும்பினோம்.

"ஒரு பேர்தான் ஐயா" என்றேன்.

"ரெண்டு எண்டெல்லோ சொன்னனீங்கள்? பிடிச்சாச்சே."

"ஒண்டுதான்."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அடுத்த உருண்டையை உடைத்துச் சட்டியில் இருந்த சோற்றோடு சேர்த்துவிட்டார். அவரும் நல்ல மனுஷன்தான்.

வெளியே வந்து மேம்பாலத்துக்குக் கீழே நின்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மேலே மெத்ரோ போய் முடியும்வரை காத்திருந்தேன். அங்கே பின்னேரம்.

"முடிஞ்சுதோ?" என்று அம்மா கேட்டார்.

"அப்பாவுக்குச் செய்தன்."

"அவனுக்கு?"

"செய்யேல்லை."

அம்மாவின் பக்கத்தில் ஒரு கோழி கொக்கரிப்பது கேட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏன்ரா?"

"ஐயர் அவசரப்பட்டார்."

அம்மா மூக்கை உறிஞ்சினார். "நான் நேற்றே கோடாலியைக் குடுத்திட்டனே. முன்வீட்டுப் பெடியனுக்கு."

"திருப்பி வாங்குங்கோ."

"குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அவன் என்ன நினைப்பான்?"

"என்ன இழவையும் நினைக்கட்டும். நீங்கள் வாங்குங்கோ."

"ஓம்" என்றார். "ஓம், அதுதான் சரி. நில்லு, போனை வையாதை."

போனைக் கையில் பிடித்தபடியே அம்மா நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. படலை திறந்தது. அந்தப் படலைக்கு அப்பால், கொஞ்சத் தூரத்தில், யாரோ விறகு கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கொத்து, இன்னொரு கொத்து. அவனுடையது இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இரும்பு அந்த இரும்புதான். காடு இப்போது அவ்வளவு கிட்ட இல்லை. ஆனாலும் சத்தத்தை வாங்கித் திருப்பிச் சொன்னது. நான் மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"தம்பி" என்று அம்மா அந்தப் பெடியனைக் கூப்பிட்டார். "இஞ்சை ஒருக்கா வா, ராசா."

சத்தம் நின்றது. நான் போனை வைக்கவில்லை.